படி இல்லாத வண்டி

எங்களிடம் வருவதற்கு முன்னால் அந்த வண்டி ஒரு பேக்கரிக்கு ரொட்டி சுமந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். இனி ஓடாது என்று ஓரங்கட்டிய வேனை இழுத்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அதற்கு அடியில் படுத்துக்கொள்வார். ரொட்டித் தட்டுகள் இருந்த இடத்தில் சங்கிலியில் தொங்கும் மடக்குக் கட்டில் வந்தது. மூலையில் பம்ப் ஸ்டவ், ஜன்னலுக்குக் கொசுவலை, பின்கதவை ஒட்டி இழுத்துக் கட்ட ஒரு தார்ப்பாய், ஏறி இறங்க இரும்புப் படி. எண்பதுகளின் நடுவில் அம்பத்தூரில் இப்படியொரு வண்டியை யாரும் பார்த்ததில்லை. சர்க்கஸ் கம்பெனி வந்திருக்கிறது என்றுகூட எங்கள் தெருவில் சொன்னார்கள்.

எத்தனை பெயிண்ட் அடித்தாலும் பக்கவாட்டில் இருந்த ரொட்டிப் படம் மட்டும் மறையவே இல்லை. எங்கே நிறுத்தினாலும் யாராவது சில்லறையோடு வந்து பன் கேட்பார்கள். பழவேற்காட்டில் ஒரு அம்மா, பன் இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு, "இல்லாத கடைக்கு எதுக்கு படம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டதில் நியாயம் இருந்தது. மழை பெய்தால் உள்ளே ரொட்டி வாசனை வரும். அந்த வாசனையில் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, ஏரியைப் பார்த்தபடி டீ குடித்ததுதான் என் வாழ்க்கையில் நான் அனுபவித்த பெரிய சொகுசு.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் என்ன சொன்னாலும், லீவு கிடைத்த அன்றே கிளம்பிவிட முடிந்தது என்பது உண்மை. பூண்டி, பழவேற்காடு, ஏலகிரி என்று போவோம். போகிற வழியில் சொந்தக்காரர்கள் வீட்டிலும் தலையைக் காட்டுவோம். அங்கேதான் வம்பு வரும். ராணிப்பேட்டையில் இருந்த என் நாத்தனார் முதல் தடவை எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடப் பிறந்தவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தம்பி வாசலில் வண்டியைப் போட்டுக்கொண்டு படுப்பதா, தனியாக அடுப்பு வேறு மூட்டுவதா என்று ஒரே புலம்பல். பேசிக்கொண்டே என் ஸ்டவ்வைத் தூக்கிப் போய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாள் மத்தியானம், சும்மா எப்படி இருக்கிறதென்று பார்க்கிறேன் என்று கட்டிலில் சாய்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். அடுத்த வருஷம் ஏலகிரிக்கு ஊறுகாய் ஜாடியோடு எங்களுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது அவர்தான்.

எல்லாப் பயணமும் ஒரே இடத்தில்தான் முடியும். அயனம்பாக்கம் ஏரிக்கரை. வேலூர்ப் பக்கமிருந்து வந்தால் பூந்தமல்லி தாண்டி வானகரத்தில் திரும்பி வரும் வழியிலேயே ஏரி இருக்கிறது, சரி. பழவேற்காட்டிலிருந்து வந்தால் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். அப்போதும் என் வீட்டுக்காரர் போவார். கூப்பிடு தூரத்தில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு கரையில் எதற்குத் தங்குகிறோம் என்று நான் கேட்டால், "எஞ்சின் சூடாயிடுச்சு, ஆறட்டும்" என்பார். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கரையில் நின்றால் நான் பிறந்த வீட்டுத் தென்னை மரங்கள் தெரியும்.

அந்த வீட்டுக்குள் நான் போக முடியாது. நாங்கள் விவசாயக் குடும்பம். எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போன இடத்தில் நான் இவரைப் பார்த்தேன். இவர் ஆவடிப் பக்கத்துக் கத்தோலிக்கர். பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்றைக்கு, அப்பா இல்லாத வீட்டில் என்னை வளர்த்த என் அண்ணன், அம்மன் கோயில் எதிரில் ஊர் பார்க்கக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். "அவ ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். என் ஊட்டு வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது." கோபம் அவருக்கு இரண்டு வருஷத்தில் போய்விட்டதென்று அண்ணி சொல்லி அனுப்பினாள். ஆனால் கற்பூரம் அணைத்துச் சொன்னதை அவர் மாற்றுவாரா? கடனைத் தருவதாகச் சொன்ன தேதியில் ஒரு நாள் பிசகினாலே அவருக்குத் தூக்கம் வராது. கல்யாண வீடுகளில் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வோம். நான் சாப்பிட்டேனா என்று பந்தி ஓரமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பேச்சு கிடையாது. அண்ணனோடு உட்கார்ந்து ஒருவேளை சோறு தின்ன வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு குறையே இருக்கவில்லை.

ஒரு வருஷம் ஏரிக்கரையில் நான் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எருமைகளைக் கழுவ ஓட்டிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்து நின்றார். என் பக்கம் திரும்பாமல் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"வண்டி டீசலா?"

"டீசல்தான் மச்சான்."

"உள்ள கட்டில்லாம் கீதா?"

"கீது. வந்து பாருங்க."

பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். பாத்திரம், ஸ்டவ், நான் மடித்து வைத்திருந்த புடவை எல்லாவற்றையும் பார்த்தார். வலது காலைத் தூக்கி அந்த இரும்புப் படியில் வைத்தார். வைத்த காலை உடனே எடுத்துவிட்டார். மிதித்தாரா மிதிக்கவில்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார். குழம்பு அப்படியே இருந்தது. என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் இவர் வண்டிக்கு அடியில் ஸ்பேனரோடு கிடக்கிறார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"படி ஆடுது. கழட்டிடலாம்."

அந்தப் படி பாறையாட்டம் நின்றது எனக்குத் தெரியும். போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். முந்தின நாள் குழம்பைச் சுட வைத்தேன். அன்று அண்ணன் எருமை இல்லாமலே வந்தார். படி இருந்த இடத்தைப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி ஒரே எம்பாக எம்பி வண்டிக்குள் உட்கார்ந்தார்.

நான் தட்டை வைத்தேன். "உப்பு கம்மி" என்றார். அத்தனை வருஷத்தில் என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் அழுதுகொண்டே உப்பு எடுத்து வைத்தேன். இவர் ஏதோ வேலை இருப்பவர் மாதிரி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் படி திரும்ப மாட்டப்படவே இல்லை. எனக்கு மட்டும் ஏற ஒரு காலி பெயிண்ட் டப்பா. ஒவ்வொரு பயணத்தின் கடைசியிலும் அண்ணன் பாலும் முருங்கைக்காயுமாக ஏரிக்கரைக்கு வந்துவிடுவார். நாங்கள் எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று கதை கேட்பார். கூட வாருங்கள் என்றால், எருமைக்கு யார் தண்ணி காட்டுவது என்பார். ஏலகிரியை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அங்கே எந்த வளைவில் எங்கள் வண்டி மூச்சு வாங்கியது என்று அவருக்கு மனப்பாடம்.

தொண்ணூறுகளின் பாதியில் வண்டி படுத்துவிட்டது. வீட்டுப் பக்கத்தில் நான்கு செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினோம். இவர் அதை விற்கவில்லை. விற்றால் மச்சான் வந்து எங்கே உட்காருவார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்து, எங்கள் வாசலைத் தாண்டி, ஓடாத வண்டிக்குள் எம்பி உட்காருவார். நான் அடுக்களையிலிருந்து குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மூன்று பேரும் அங்கேயே சாப்பிடுவோம். பக்கத்து வீடுகளில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

பிறகு அண்ணனுக்கு முழங்கால் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையை ஊன்றி எம்பிப் பார்த்தார். முடியவில்லை. என் பெயிண்ட் டப்பாவை நகர்த்தி வைத்தேன்.

"டப்பாவும் படிதாம்மே" என்றார்.

வண்டித் தரையில் தட்டை வைத்து, வெளியே நின்றபடியே வெயிலில் சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவ்வளவுதான், இனிமேல் அண்ணன் எனக்கில்லை என்று நினைத்து ஒரு பாட்டம் அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது. ஒரு கற்பூரத் துண்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று இவரிடம் கத்தினேன்.

சனிக்கிழமை ரேஷன் வாங்கிக்கொண்டு திரும்பினால் வீட்டு வாசலில் தூசி பறக்கிறது. இவர் இரண்டு சிமெண்ட் படியையும் கடப்பாறையால் உடைத்து, மண் கொட்டிச் சரிவாக்கி வைத்திருந்தார். இப்போது உட்கார்ந்து நிலைப்படியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். வாசல் மேலே இவர் மாட்டிய சிலுவை. கீழே வெள்ளிக்கிழமை தவறாமல் நான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த கட்டை.

"வாசப்படி இல்லாம ஒரு ஊடா?"

"வண்டியில இருக்கலியா நாம?" என்றார், நிமிராமல்.

மறுநாள் இவரே போய் அண்ணனை மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். வீட்டில் கொஞ்சம் மர வேலை செய்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். அண்ணன் வழக்கம் போல வண்டிப் பக்கம் திரும்பினார். இவர் வாசலைக் காட்டினார். அண்ணன் சரிவில் மெதுவாக ஏறி வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்தார். அறுத்த இடத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கையால் தடவிப் பார்த்தார். மிச்சம் மீதி இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்து, நேராக நடந்து வந்து, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் கூரைக்குக் கீழே உட்கார்ந்தது அன்றுதான். தண்ணீர் கொடுத்தேன். முழுச் சொம்பையும் குடித்தார்.

"அறுத்த சந்துல எறும்பு வரும். சிமிட்டி வச்சி அடைச்சிடு" என்றார். சாப்பிட்டார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"மாப்ளே, அந்த ரம்பத்த ரெண்டு நாளிக்கி குடுக்கிறியா? என் ஊட்லயும் கொஞ்சம் மர வேல கீது."