மந்தினேயாவின் இரண்டாவது மதில்

எனக்கு மூத்த ராத்தாவின் மாப்பிள்ளை கப்பல்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து இருந்தவர் என்பதால், லீவில் வந்தால் அவருடைய வாயும் எங்கள் வீட்டில்தான் ஓயாமல் கிடக்கும். நான் கெம்பஸுக்குப் போக எழுதும் ஏ.எல். சோதனையில் கிரேக்க உரோம நாகரிகத்தைக் கோட்டைவிட்டிருந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். இரண்டாந்தரம் எழுத வாப்பா சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் எனக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

பகல் சோற்றுக்கு இருந்தபோது, அப்படி என்னதான் படிக்கிறாய் என்று வாப்பா கேட்டார். கிரேக்கத்தில் மந்தினேயா என்றொரு பழைய நகரம் என்றேன்.

"அங்க நான் போயிருக்கன் மாமா," என்றார் மச்சான். கப்பல் பழுதாகி நின்ற நாட்களில், கூட வேலை செய்த கிரேக்கன் ஒருவன் தன் கிராமத்துக்குக் கூட்டிப்போனானாம். "நகரமும் இல்ல, ஒண்டும் இல்ல. உருளைக்கிழங்குத் தோட்டம். செம்மறி மேயிது."

வாப்பா என்னைப் பார்த்தார். "இல்லாத ஊரையா மகள் இவ்வளவு நாளும் படிச்ச?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கண் எரியப் படித்ததை மச்சான் மீன்முள் எடுத்தபடியே துடைத்து எறிந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் வாப்பாவுக்கு இதே கதைதான். கலியாணம் பேச வந்த தரகரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அன்று தரகர் போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை. "மச்சான், அங்க மதில் ஒண்டும் காணல்லையா?"

"கல்லு கிடக்கு, வட்டமா. இடுப்பளவு வரும்."

"அது ரெண்டாந்தரம் கட்டின மதில்," என்றேன் வாப்பாவிடம். முதல் மதில் சுடாத மண்கல். எதிரிகள் ஆற்றை மறித்து ஊருக்குள் திருப்பியதில் மதில் கரைந்தது. சனங்களைப் பழைய கிராமங்களுக்கே துரத்தினார்கள். பதினைந்து வருடம் கழித்து அதே சனங்கள் திரும்பி வந்து, ஆற்றை ஊரைச் சுற்றி விட்டு, அடியில் கல் வைத்துக் கட்டினார்கள்.

வாப்பா வயற்காரர். மாரி வெள்ளத்தில் வரம்பு கரைந்து திரும்பக் கட்டாத வருடம் அவருக்கு இல்லை. அணையை எதைக் கொண்டு கட்டினார்கள், தண்ணீர் எந்தப் பக்கத்தால் போனது என்று குடைந்தாரே தவிர, என் விஷயத்தை எடுக்கவே இல்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

கடைசியில், "அப்ப ரெண்டாந்தரம் கட்டினதுதான் இன்னும் நிக்கி," என்றார். "சரி மகள், இன்னொருக்கா எழுது."

எழுதினேன், பாஸாகிக் கெம்பஸுக்கும் போனேன். வினாத்தாளில் மந்தினேயாவைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. ஆனால் தான் கண்டுவந்த கல்லால்தான் மச்சி பாஸானாள் என்று மச்சான் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.