ஹவில்தாருக்கு அடித்த சல்யூட்

ராணுவத்தில் இருந்து வந்தவனை நான் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது குதிகால் இரண்டும் ஒட்டியிருக்கும். சட்டைக் கை மடிப்பு இரு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கும். தாம்பரத்தில் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒன்றுக்கு நான் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். அறுபத்திரண்டு பேரை விசாரித்து உறுப்பினராக்கினேன். ஏழு போலிகளைப் பிடித்தேன். எட்டாவதாக நான் போலி என்று எழுதியவன் போலி இல்லை. எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

சங்கம் ஞாயிறு காலையில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி வகுப்பறையில் கூடும். தலைவர் ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர். காது கொஞ்சம் மந்தம் என்பதால் விசாரிப்பதை என்னிடம் விட்டிருந்தார். புதிதாக வருகிறவனிடம் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் கேள்வி கிடையாது. இல்லையென்றால் மூன்று கேள்வி கேட்பேன். முதல் கேள்வி எப்போதும் படை எண். பட்டாளத்தில் இருந்தவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வான்.

தொண்ணூற்றொன்று மார்ச்சில் அவன் வந்தான். வாசலில் நின்று என்னைப் பார்த்தான். முகத்தை அல்ல, காதோரத்தை. முடிவெட்டுகிறவன் பார்வை முதலில் அங்கேதான் போகும். எங்கள் பட்டாலியனின் நாவிதன் அவன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை என மூன்று வருடம் என் தலை அவன் கையில் இருந்திருக்கிறது. எழுபத்தெட்டு தடவைக்குக் குறையாது.

அவன் கைகட்டாமல், நேராக நின்று பேசினான்.

"முடிச்சூர்ல வூடு சாப். போன மழைக்கு ஏரித் தண்ணி உள்ள பூந்து பொட்டியோட ஊறிப்பூட்ச்சு. புக்கு கூழாயிட்ச்சு. வேற புக்கு கேட்டு எழுதிப் போட்டுக்கீறேன், ஒரு வருசம் ஆவும்ன்றாங்கோ. பத்து வருசம்தான் சர்வீஸு, பென்சன் கெடையாது. மேடவாக்கம் பக்கம் ஒரு கம்பெனில கேட் வாச்மேன் வேலிக்கு மிலிட்டரி ஆளுங்களத்தான் எடுக்கிறாங்கோ. சங்கத்துல லெட்டர் குட்தா போதுமாம். ஜூலையோட எனக்கு நாப்பத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல எடுக்க மாட்டாங்கோ."

பிறகு என் பக்கம் கையைக் காட்டினான். "சாபையே கேளுங்க. ஒரே பட்டாலியன்."

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் மொத்தம் முப்பத்து நான்கு வீடுகள். முப்பத்து நான்கிலும் என்னைக் கேப்டன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஸ்டோர் ஹவில்தார், கேப்டனுக்குப் பல படி கீழே. கேப்டன் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. அவர்களாகக் கூப்பிட்டார்கள், நான் திருத்தவில்லை. ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்றுவது நான்தான். என் வலது காலில் இரண்டு விரல் கிடையாது. சண்டையில் போனது என்று அதையும் அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

சண்டை நடந்தபோது நான் இருநூறு மைல் பின்னால், ஸ்டோரில் ஆயிரத்து நூற்று நாற்பது கம்பளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஜாம் டின் பெட்டி ஒன்று அடுக்கில் இருந்து சரிந்து என் காலில் விழுந்தது. நாற்பத்தெட்டு டின். அந்த நாவிதன் பட்டாலியனோடு முன்னால் போனவன். கத்தியையும் கத்தரியையும் வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கியவன். திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரி வார்டில் எனக்குச் சவரம் செய்ய வந்தான். சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே, "ஸ்டோர் சாப், ஜாமுக்கு மெடல் உண்டா?" என்று கேட்டான். பதினாறு கட்டிலும் சிரித்தது. இரண்டு கையும் இல்லாத ஒருவன்கூடச் சிரித்தான். அதை நான் இருபது வருடமாக மறக்கவில்லை.

இப்போது தலைவர் என்னைப் பார்த்து, "தெரியுமாய்யா ஆளை?" என்றார்.

"தெரியாது சாப். பட்டாலியன்ல எண்ணூறு பேர்."

"சரி, கேள்வியைக் கேளுங்க."

அறுபத்தொன்பது பேரிடம் முதலில் கேட்ட படை எண்ணை இவனிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான். ரைபிளை எத்தனை பாகமாகப் பிரிக்கலாம் என்று கேட்டேன்.

"ரைபிள் நமக்குக் குடுக்கலியே சாப்."

எல்.எம்.ஜி. துப்பாக்கி மேகசினில் எத்தனை குண்டு என்றேன். தெரியாது என்று தலையாட்டினான். கம்பெனி எந்த வரிசையில் முன்னேறும் என்றேன். அவன் என்னையே பார்த்தான். கோபம்கூட இல்லை. எங்கே வெட்டலாம் என்று தலையைப் பார்க்கும் பார்வைதான்.

பதிவேட்டில் "போலி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் வாசல் வரை போய்த் திரும்பினான்.

"கால் தேவலையா சாப்?"

நான் நொண்டுவதைப் பார்த்துக் கேட்கிறான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் அவன் தாம்பரம் மார்க்கெட் தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நாற்காலி போட்டுக் கடை வைத்தான். மரத்தில் இரண்டு ஆணி. ஒன்றில் கண்ணாடி, இன்னொன்றில் பழைய காக்கித் தொப்பி. முதல் முறை நான் கடந்தபோது கத்தியைக் கீழே வைத்தான், தொப்பியை எடுத்து மாட்டினான், குதிகாலை அடித்து விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தான். தெருவே பார்த்தது.

"இன்னா கேப்டன் சார், இன்னா மரியாதி பாத்தீங்களா!" என்றான் டீக்கடைக்காரன். "அவரும் மிலிட்டரியா?"

"இல்லை" என்றேன்.

தொப்பி இல்லாத தலையோடு ராணுவத்தில் கையை உயர்த்திச் சல்யூட் அடிக்க மாட்டார்கள். சல்யூட் கமிஷன் பெற்ற அதிகாரிக்கு உரியது, ஹவில்தாருக்குக் கிடையாது. ஹவில்தாருக்கு ஒருவன் வேண்டுமென்றே சல்யூட் அடித்தால் அது அவன் முகத்தில் துப்புவது. தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். வேறு வழியாகப் போனால் முந்நூற்று நாற்பது அடி கூடுதல், என் காலுக்கு ஆகாது. செப்டம்பர் வரை முப்பத்தொரு சல்யூட் வாங்கினேன். ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜூலை முடிந்தது எனக்கு நினைவில் இருந்தது.

முப்பத்திரண்டாவது அடித்தபோது தலைவர் என்னோடு நடந்து வந்துகொண்டிருந்தார். சட்டென்று நின்றார்.

"இவன் போலின்னு எழுதினீங்களே, அவன்தானே?"

"ஆமாம் சாப்."

"தொப்பியை மாட்டிட்டு அடிக்கிறான்யா. சிவிலியனுக்கு இது எங்க தெரியும்?" மரத்தடிக்குப் போனார். "உன் நம்பர் என்னடா?"

அவன் ஒரே மூச்சில் சொன்னான்.

"அன்னிக்கு ஏன் சொல்லலே?"

"கேக்கலியே சாப்."

"ஹவில்தாருக்கு ஏண்டா சல்யூட் அடிக்கிறே?"

"ஜனங்க அவர கேப்டன்னு சொல்லிகினு கீது. கேப்டனுக்கு அடிக்காம போனா தப்பாச்சே."

தலைவர் என் காலைப் பார்த்தார். "அது சண்டையில போனதுதானே?"

"ஆமா சாப்" என்று அவன் முந்திக்கொண்டான். "ஜாம் டின்னோட சண்ட."

நாற்காலியில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். டீக்கடைக்காரன் சிரித்தான். தலைவர் சிரிக்கவில்லை. அதுவரை என்னை நீங்க என்றவர், "கடுதாசி எழுது. நீயே கூட்டிட்டுப் போ" என்றார்.

என் கையெழுத்து அழகானது; மேல் அதிகாரிகளே சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு வரியில் எழுதினேன். பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தொழிற்சாலை மேலாளர் கடிதத்தைப் படித்தார், அவனுடைய பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதியைப் பார்த்தார்.

"லெட்டர்லாம் கரெக்டாதான் இருக்கு. ஏஜ் தாண்டிடுச்சே சார். ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா கண்ணை மூடிட்டு எடுத்திருப்போம். ஏன் லேட்டு?"

அவர் என்னைத்தான் கேட்டார். அவனும் என் பக்கம் திரும்பிப் பதிலுக்குக் காத்திருந்தான். நான் மேசை மேலிருந்த பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து.

மறுநாள் காலை மார்க்கெட் தெருவில் போனேன். தொப்பி ஆணியில் இருந்தது, அவன் எடுக்கவில்லை. ஒருவனுக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. கத்தியில் சேரும் நுரையை வழித்து வைக்க இவர்கள் காகிதத் துண்டு வைத்திருப்பார்கள். அவன் சட்டைப் பையில் இருந்து, மேலாளர் திருப்பித் தந்த என் கடிதத்தை எடுத்தான், நான்காக மடித்தான், மடிப்போடு கிழித்தான். முதல் துண்டை வாடிக்கையாளரின் தோளில் விரித்து, முடியும் நுரையுமாக வழித்து வைத்தான்.

டீக்கடையில் நின்று இரண்டு டீ குடித்தேன். நான் கையெழுத்துப் போட்டிருந்த துண்டு மூன்றாவது ஆளுக்கு வந்தது.