ஜன்னல் வழியே ஐந்து பேர்

ஒன்பதாம் எண்காரிக்கு இடதுகைப் பழக்கம். இதை நான் திங்கட்கிழமை எழுதினேன். செவ்வாய்க்கிழமை அவள் வலது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். புதன்கிழமை பந்தைத் தொடவே இல்லை. கூடைக்கு அடியில் நின்று, வருகிறவர்களையெல்லாம் முதுகால் தள்ளிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை வந்தபோது நான் அவளைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு அவளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தேன். கெட்டது அங்கேதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்தொன்பது வயது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணியில் இருந்தேன். இருந்தேன் என்றால், பெஞ்சில் இருந்தேன். அந்த வருஷம் நாங்கள் இரண்டாம் டிவிஷனில் முதலாவதாக வந்துவிட்டோம். முதல் டிவிஷனில் கடைசியாக வந்தது தி. நகர் அணி ஒன்று. இரண்டு அணிகளுக்கும் இடையே மூன்று ஆட்டங்கள். அதில் இரண்டை ஜெயிப்பவர்கள் மேலே, மற்றவர்கள் கீழே.

மேலே போவதோ கீழே வருவதோ எனக்குப் பெரிய விஷயமில்லை. எங்கள் கேப்டன் அக்காவுக்குத்தான் அது வாழ்க்கை. சாந்தோம் பக்கத்துப் பெண். ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளை முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக ஆடுகளத்துக்கு வந்துவிடுவாள். அவள் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அந்தக் கோடையில் ஓய்வு. வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பம் திருச்சிக்குப் போகிறது. ஒரு அரசாங்க அலுவலகம் தன் முதல் டிவிஷன் அணிக்காக ஆட்டக்காரப் பெண்கள் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கப்போவதாகச் சேதி. அந்த வேலை கிடைத்தால் அக்கா ஒரு ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு இங்கேயே இருக்கலாம், ஆடலாம். கிடைக்காவிட்டால் திருச்சி, அங்கே அவள் ஆடுவதற்குப் பெண்கள் அணி எதுவும் கிடையாது. அடுத்த வருஷம் அந்த வேலைக்கான வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். ஆள் தேர்ந்தெடுக்கிறவர் மூன்றாவது ஆட்டத்தை மட்டும்தான் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"முத ரெண்டையும் தோத்தா மூணாவது மேட்ச்சே கெடையாது. ரெண்டையும் ஜெயிச்சாலும் கெடையாது" என்றார் கோச், தலையைச் சொறிந்துகொண்டு. "இன்னா பேஜாரும்மா இது. ஒண்ணு ஜெயிச்சு ஒண்ணு தோக்கணுமா? அப்படி ஆடறதுக்கு நான் சொல்லித் தர முடியாது."

அவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சாயங்காலம் சைக்கிளில் வருவார். விரல் இடுக்குகளில் எண்ணெய்க் கறுப்பு இருக்கும். அவர் தொட்ட பந்தை நாங்கள் ஒருமுறை தரையில் தேய்த்துவிட்டுத்தான் எடுப்போம். எதிரணியை வேவு பார்க்க அவர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான். அதை மறைக்கவும் இல்லை. "உன்னை எவளுக்கும் தெரியாதும்மா. நீ எங்க ஆடினே?"

தி. நகரில் அவர்கள் பயிற்சி எடுத்த பள்ளி மைதானத்துக்கு எதிர்வரிசையில், மாடியில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. ஒரு மாதத்துக்குச் சேர்ந்தேன். ஐந்திலிருந்து ஆறு மணி வரை என் நேரம். ஜன்னல் ஓரத்து மிஷினுக்காக ஒரு பெண்ணிடம் கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டேன். கீழே சிமெண்ட் தளம், இரண்டு கம்பங்கள், வெயில் சாய்ந்த பிறகும் ஆறாத சூடு. மேலிருந்து பார்த்தால் யாருக்கும் முகம் கிடையாது. தலை, தோள், முதுகில் எண். எண்ணைத்தான் நம்பினேன்.

நம்பாமல் என்ன செய்வேன்? எங்கள் அணியில் ஜெர்சியை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போவோம். அவரவர் துவைப்போம். அக்காவுடையது நாலு. சாந்தோமில் அவர்கள் வீட்டுக் கொடியில் நாலு காய்ந்தால் அக்கா ஊரில் இருக்கிறாள் என்று அர்த்தம். என்னுடையது பதினைந்து. ஆட்டத்தில் அதை யாரும் பார்த்ததில்லை என்றாலும் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் அது படபடக்கும்போது பக்கத்து வீட்டு மாமி, "உன் நம்பர் பறந்துடப் போறதுடீ" என்று கத்துவாள். எண் என்பது எனக்கு அந்த ஆளேதான்.

"ஏம்மா," என்றார் டைப்ரைட்டிங் வாத்தியார் இரண்டாம் நாளே, "கீ-போர்டு என்ன ஜன்னலுக்கு வெளியிலயா இருக்கு?"

"பார்க்காம அடிக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"கீ-போர்டைப் பார்க்காம அடிக்கச் சொன்னேன். ரோட்டைப் பார்த்துண்டு அடிக்கச் சொல்லலையே."

என் விரல்கள் ஏ-எஸ்-டி-எஃப் என்று தானாகப் போய்க்கொண்டிருக்க, கண் கீழே இருந்தது. மடியில் ஒரு நோட்டு. ஐந்தாம் எண்: ஒரு நாள் மின்னல், மறுநாள் தன் காலே தனக்குத் தடுக்குகிறது. ஏழு: உயரம் கூடிக் குறைகிறதோ என்று சந்தேகமாக இருந்தது, வெயிலின் சாய்வு என்று சமாதானம் செய்துகொண்டேன். பதினொன்று: முதல் நாள் எல்லோரையும் அதட்டினாள், பிறகு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. இப்படி ஆளுக்கு ஆள் முரண்பட்டார்கள். கண்ணைச் சந்தேகிக்க வேண்டிய நான், அதைவிட்டு அந்தப் பெண்களுக்கு மனசுகளைத் தைத்துக் கொடுத்தேன். ஐந்தின் வீட்டில் ஏதோ துக்கம், அதனால் கால் தடுக்குகிறது. பதினொன்றை யாரோ அவமானப்படுத்தியிருக்கிறார்கள், அதனால் மௌனம். ஒன்பது, எதையும் இரண்டு கையாலும் செய்யக்கூடியவள், அன்றன்றைக்குத் தோன்றியபடி ஆடுகிறவள், காற்று போல, அவளை எதிலும் அடக்க முடியாது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அவள் மேல் ஒருவிதப் பிரியமே வந்துவிட்டிருந்தது.

நோட்டைக் கோச் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"இன்னாம்மா இது? ஆட்டக்காரிங்களைப் பாத்துட்டு வாம்மான்னா ஜாதகம் எழுதிக்கினு வந்துகீறே?"

அக்கா நோட்டை வாங்கிக்கொண்டாள். மெதுவாகப் படித்தாள். "இருக்கட்டும் கோச். பாவம், அஞ்சு நாள் போயிருக்கா. ஒன்பதை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை முதல் ஆட்டம். எதிரணி இறங்கியது. நாலு, ஐந்து, ஏழு, எட்டு, பதினொன்று. ஒன்பதைக் காணோம். அக்கா மைதானத்தின் நடுவிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எதிர்ப் பெஞ்சைப் பார்த்தேன். அங்கே ஒன்பதாம் எண்ணில் ஒரு ஒல்லிப் பெண் உட்கார்ந்து உள்ளங்கையில் குளுக்கோஸைக் கொட்டி நக்கிக்கொண்டிருந்தாள். துக்கத்தில் இருந்த ஐந்து சிரித்துச் சிரித்துக் கூடை போட்டாள். மௌனமான பதினொன்று கத்திக் கத்தி மைதானத்தையே நடத்தினாள். எங்கள் பெண்கள் என் நோட்டில் இருந்தவர்களைத் தேடிக்கொண்டு நிற்க, வேறு யாரோ எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். காவல் காக்க ஆள் இல்லாமல் போன அக்கா மட்டும் தன்னிஷ்டத்துக்கு ஆடினாள். எங்கள் புள்ளிகளில் பாதிக்கு மேல் அவள் போட்டது. அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. தோற்றோம்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் அந்த ஒல்லிப் பெண்ணைப் பிடித்தேன். "நீ லெஃப்டா ரைட்டா?" என்றேன்.

"இன்னா லெஃப்டா?"

"போன திங்கக்கிழமை பிராக்டிஸ்ல ஒன்பது போட்டுக்கிட்டு இடது கையால ஆடினியே."

"திங்கக்கிழமை நான் வரவேயில்லையே." முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "மேட்சுக்குத்தான் அவங்கவங்க நம்பரு. பிராக்டிஸ்னா, பழைய ஜெர்சியெல்லாம் பொட்டியில கீது. வண்ணான் போட்டுட்டுப் போவான். மேல எது கீதோ அதை மாட்டிக்கினு ஓட வேண்டியதுதான். லேட்டா வந்தா கிழிஞ்சது." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ எந்த டீம்?"

"இப்ப உங்ககூட ஆடின டீம்."

"அப்படியா? பார்க்கலியே."

பஸ் ஸ்டாப்பில் அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் போலக் கேட்டாள்: "அப்ப அஞ்சு நாளா நீ யாரைத்தான் பார்த்தே?"

இன்றைக்கும் அந்தக் கேள்வி வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறேன். யாரைப் பார்த்தேன்? இருந்தவர்களைத்தான் பார்த்தேன். ஆனால் நான் பிரியம் வைத்த அந்த ஒன்பது எங்கே போனாள்? மூன்று நான்கு பெண்களில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தாள். முழுதாக எங்கும் இல்லை.

மறுநாள் சாந்தோமில் அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு பாதி பெட்டிக்குள் இருந்தது. அவள் அம்மா மாதா சொரூபத்துக்குப் பழைய செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுவரில் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. அக்கா இரும்புப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, "எண்ணை விடு. மேலேருந்து வேற என்ன தெரிஞ்சுது?" என்றாள்.

"தலை."

"தலையைச் சொல்லு."

சொல்ல ஆரம்பித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வகிடுகளும் பின்னல்களும் ஒவ்வொன்றாக வந்தன. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியவள்: அவள்தான் இடது கை. இடது கையால் தட்டிக்கொண்டு வருவாள். கூடைக்கு அருகே வந்ததும் வலது தோள் பக்கமாகத் திரும்பித்தான் எறிவாள். கோணல் வகிடு: கூடைக்கு அடியில் முதுகால் தள்ளுகிறவள். ஒற்றைப் பின்னல், பச்சை ரிப்பன்: கத்துகிறவள். ஐந்து தலைகள், ஐந்து பேர். அக்கா ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று, பெட்டிகளுக்கு நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் ஆடிக் காட்டச் சொன்னாள்.

"ஏன்டி, நாளைக்கு எல்லாரும் தலைக்குக் குளிச்சிட்டு ஒரே மாதிரி பின்னிக்கிட்டு வந்தா என்ன செய்வீங்க?" என்றார் அம்மா.

யாரும் அப்படி வரவில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் அக்கா இரட்டைப் பின்னல்காரியோடு ஒட்டிக்கொண்டாள். அவளுக்குப் பந்து வரவிடவில்லை, வந்தால் திரும்பவிடவில்லை. வலது தோள் பக்கம் முன்கூட்டியே போய் நின்றாள். ஜெயித்தோம். கோச் எண்ணெய் விரலால் என் தலையில் தட்டி, "பரவால்ல, ஜாதகம் பலிச்சிடுச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வாளர் வந்தார். வெள்ளை புஷ் ஷர்ட். வேப்பமர நிழலில் அவருக்கு ஒரு இரும்பு நாற்காலி, கையில் ஒரு சோடா. நான் பெஞ்சிலிருந்து ஆட்டத்தைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். வேவு பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது. அவர் தலை பந்தோடு போய்ப் பந்தோடு வந்தது. பந்து இருந்த இடத்தில் அக்கா இல்லை. பந்து வராத இடத்தில் இருந்தாள். அவள் இருந்ததால்தான் அது அங்கே வரவில்லை. அதை யார் எப்படிப் பார்ப்பது? அந்தப் பின்னல்காரி மொத்தமே நாலு கூடை போட்டாள். ஆனால் அக்காவிடமிருந்து பிய்த்துக்கொண்டு போட்ட நாலும் அத்தனை அழகு. ஒவ்வொன்றுக்கும் அவர் சோடாவைக் கீழே வைத்தார். அக்கா போட்டது இரண்டு. ஒரு புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தபோது அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. எடுத்த இருவரில் ஒருத்தி இரட்டைப் பின்னல்காரி. மற்றவள் வேறு ஏதோ அணி.

அதிலிருந்து நான் இதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். என் தப்பான நோட்டு இருந்த அன்றைக்கு அக்கா ஊரே வாய் பிளக்கும்படி ஆடினாள்; அன்றைக்கு அவர் வரவில்லை. நான் தப்பைத் திருத்தாமல் விட்டிருந்தால் மூன்றாவது ஆட்டமே இருந்திருக்காது. திருத்தினேன்; ஆட்டம் வந்தது, அவரும் வந்தார், அக்காதான் கண்ணில் படாமல் போனாள். அவளை ஜெயிக்க வைத்தது நானா, திருச்சிக்கு அனுப்பியது நானா? அவளைக் கேட்கவில்லை.

எழும்பூரிலிருந்து பகல் வண்டி. அவள் அப்பா சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு உள்ளிருந்தபடி, "அவ ஆபீஸ்ல சேந்துட்டாளா?" என்றாள்.

"சேந்துட்டாளாம்க்கா."

"நல்லா ஆடுவா. ஆபீஸ் டீமும் முத டிவிஷன்தானே, அடுத்த வருஷம் நீங்க மறுபடி அவகூட ஆடணும். யாராவது அவளைப் பிடிக்கணுமே. இங்க பாரு, நல்லா பாத்துக்கோ. கூடைகிட்ட வந்ததும் இப்படித்தான் திரும்புவா." உட்கார்ந்த இடத்திலேயே ஒரு தோளைத் திருப்பிக் காட்டினாள்.

எதிரே நின்ற எனக்கு அது மாறித் தெரிந்தது. "அந்தப் பக்கம் இல்லக்கா, இந்தப் பக்கம்."

"அடிப்பாவி, ரெண்டு நாள் அவமேல ஒட்டிக்கிட்டுக் கெடந்தவ நான்."

"அஞ்சு நாள் மேலேருந்து பாத்தவ நான்."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுமே!" என்று சிரித்தாள். வண்டி நகர்ந்தது. நான் பிளாட்பாரத்தில் கூடவே நடந்தேன். இல்லாத பந்தைத் தட்டிக்கொண்டு ஒரு தோளைத் திருப்பினேன், பிறகு மற்றதை. போர்ட்டர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். "இதுவா? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். கம்பிகளுக்கு வெளியே அவள் கை நீண்டு, ஐந்து விரலும் விரிந்து, நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் வந்து மறித்தது.