விசிறியின் முதுகும் புகைக்கூட்டின் தொண்டையும்

எங்கள் தொழிலுக்கு முன்பக்கமே கிடையாது. விசிறியின் முதுகு, ஐஸ் பெட்டியின் அடிவயிறு, அடுப்பின் தொண்டை, இவைதான் நாங்கள் தினமும் பார்க்கிற முகங்கள்.

கண்டி ஏரிக்கு மேலே ஏறிப் போகிற சாலையில் ஒரு விடுதி. நடத்துகிறவர் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கி அம்மா. எல்லாருக்கும் அவர் நோனா. என் வீட்டுக்காரர் புசல்லாவைப் பக்கம் தேயிலை காயவைக்கிற ஸ்டோரில் அடுப்பு எரித்தவர். விடுதியில் வெந்நீர் பாய்லருக்கு ஆள் தேவை என்றதும் இருவரும் வந்து சேர்ந்தோம். எனக்குத் துப்புரவு வேலை. இடுப்பில் என் மகள் ராசாத்தி, அவளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடை, பாண் சுடுகிற போறணை, தங்கும் விடுதி என்று எதையோ நடத்திக்கொண்டு சூட்டோடும் குளிரோடும் மல்லுக்கட்டுகிறவர்களே, சேலைத் தலைப்பில் கரி படாமல் ஒருநாளும் வீடு திரும்பாத சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது தெல்தெனியப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்தில். பிழை கண்டால் பள்ளிக்கூடத்தைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

மேலிருந்து விழுந்த மிளகு

சாப்பாட்டு அறையில் மின்சார விசிறி ஒன்று தொங்கியது. யாரும் இழுக்காமல், யாரும் விசிறாமல் காற்று தானாக வருவதை முதல்நாள் பார்த்தபோது விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மழைக் குளிரில் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். வெயில் ஏறியதும் ஒரு மத்தியானம் மறுபடி சுழலவிட்டார்கள். அடியில் உட்கார்ந்திருந்தவர் நல்லதம்பி ஐயா. யாழ்ப்பாணத்தவர், அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம், மேல்மாடி அறையில் நிரந்தர வாசம். விசிறியின் முதுகில் அடைந்து கிடந்த தூசு உருண்டு உருண்டு அவருடைய சூப்பில் விழுந்தது. மிளகு என்று நினைத்து ஒரு கரண்டி குடித்தும் விட்டார், பாவம்.

பழி போனது சமையல் நடக்கிற குசினிக்கு. அங்கே சமைக்கிற கோக்கி யூசுப் காக்கா. அக்குறணைக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கறுப்புத் தாடியோடு வந்து அந்த அடுப்படியிலேயே தாடி வெளுத்தவர். ஏற்கெனவே பால் திரிகிறது, மீன் நாறுகிறது, புடிங்கில் புகை வாசம் என்று அவர் பேரில் புகார் குவிந்திருந்தது. கண்டியில் யானைகளோடு வருகிற பெரஹரா ஊர்வலம் நெருங்கிக்கொண்டிருந்தது. நோனா குசினி வாசலில் நின்று, சாப்பாட்டு அறைக்கும் கேட்கும்படி, "யூசுப், பெரஹராவுக்குப் பெரிய விருந்து வருது. அதுல ஒரு குறை வந்தாலும் கொழும்புல இருந்து வேற கோக்கி வருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெங்காயம் வெட்டிய காக்காவின் கை பாதியில் நின்றது.

நான் ஏணி போட்டு ஏறினேன். விசிறி இலையின் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. முதுகில் ஆட்டுக்குட்டி போல ரோமம்! துடைத்து இறங்கிச் சுழலவிட்டால், கோடியில் தொங்கிய திரைச்சீலை எழும்பி ஆடுகிறது. அதே விசிறி, அதே மின்சாரம். இத்தனை காற்றையும் அந்தத் தூசுதானா முதுகில் சுமந்து வைத்திருந்தது என்று வாய் பிளந்து பார்த்தேன். நல்லதம்பி ஐயா மட்டும் அசையவில்லை: "காத்து நல்லாய்த்தான் இருக்குது பிள்ளை. ஆனால் அந்தச் சூப்பை என்னாலை மறக்கேலாது."

கல் காய்ச்சிய பாய்லர்

எவ்வளவு விறகு வைத்தாலும் மேல்மாடிக்கு வெந்நீர் போய்ச் சேருவதற்குள் துரைமார் துவாயைச் சுற்றிக்கொண்டு கத்த ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுடையது கிணற்றுத் தண்ணீர். ஒருநாள் என் வீட்டுக்காரர் பாய்லரை ஆறவிட்டுக் குழாயைக் கழற்றினார். உள்ளே வெள்ளைக் கல் வளர்ந்திருந்தது! தண்ணீர் போகிற வழி என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு துண்டை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். முட்டை ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. பார்க்கத் தெளிவாக ஓடுகிற தண்ணீர், நமக்குத் தெரியாமல் கல்லைச் சுமந்து வந்து ஒவ்வொரு நாளும் ஒரு பூச்சுப் பூசியிருக்கிறது. அதைக் கொட்டிவிட மனசு வராமல் மாடத்தில் எடுத்து வைத்தேன்.

தட்டி உடைத்து, சுரண்டி, அடியில் சாம்பலையும் வழித்தெடுத்த பிறகு வழக்கம்போல விறகு வைத்தோம். அது எங்கள் தப்பு. தோட்டத்தில் தமிழ் பழகிய ஒரு வெள்ளைக்காரத் துரை மேலே குளிக்கப் போயிருந்தார். சற்று நேரத்தில் ஜன்னல் வழியாகச் செக்கச்சிவந்த ஒரு தலை எட்டிப் பார்த்தது: "ஏய் பாய்லர் ஆளு! நான் குளிக்க வந்தது, அவிய வர இல்ல!"

திரியாத பால்

ஐஸ் ரயிலில் வரும், மரத்தூளில் புதைத்துச் சாக்குச் சுற்றி. சாக்கை அவிழ்த்தால் அந்த வெயிலிலும் அதிலிருந்து புகை வரும். நெருப்பில்லாத புகை! முதல்தடவை தொட்டபோது சுட்டுவிட்டது என்றே நினைத்துக் கையை இழுத்தேன். ராசாத்தி உள்ளங்கையை வைத்து வீறிட்டு அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு இன்னொரு தடவை வைக்கவேண்டும் என்று அதற்கும் அழுதாள்.

அந்த ஐஸை வைக்கிற பெட்டி மரத்தால் செய்து உள்ளே தகடு அடித்தது. மேலே ஐஸ், கீழே பாலும் மீனும். உருகுகிற தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியே கீழே இருக்கும் தட்டில் சொட்டவேண்டும். தட்டோ எப்போதும் காய்ந்தே கிடந்தது. நான் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எனக்கும் உறைக்கவில்லை. ஒருநாள் அடித்தட்டைத் தூக்கினேன். அப்பப்பா, அந்த வாடை! குழாய்க்குள் வெண்டைக்காய்க் கொழகொழப்பு போல ஏதோ வளர்ந்து அடைத்து, உருகிய தண்ணீர் முழுதும் பாலுக்கு அடியிலேயே தேங்கி அழுகியிருந்தது. ஈர்க்குக் கட்டில் துணி சுற்றிக் குழாயைக் குத்தி, சோடாத் தூள் போட்ட வெந்நீரால் பெட்டி முழுதும் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்தேன்.

மறுநாள் காலை யூசுப் காக்கா பாலை முகர்ந்தார். நம்பாமல் திரும்ப முகர்ந்தார். காய்ச்சிப் பார்த்தார், திரியவில்லை. தட்டில் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே சொன்னார்: "பால்ல தண்ணி கலக்குறான்டு மாட்டுக்காரன அடிக்கவே போனேன் புள்ள. இனி அவன்ட ஊட்டுக்கு ஒரு வட்டிலாப்பம் அனுப்பத்தான் வேணும்."

பழகின சட்டி

பாலும் மீனும் சரியாகிவிட்டன. மிச்சம் இருந்தது புகை வாசம். குசினி அடுப்பு சுவரோடு கட்டிய பெரிய அடுப்பு. அதற்கு மேலே கூரையைத் தாண்டிப் போகிற புகைக்கூடு. புகை மேலே போகாமல் பாதி குசினிக்குள்ளேயே சுற்றும். புடிங் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. "காக்கா, அதுல உள்ள கரியையும் ஒருக்கா இறக்கிருவமே" என்றேன். அவர் அகப்பையைக் குறுக்கே நீட்டினார், ரயில் கேட் மாதிரி.

"மீன் சட்டி வெச்சிரிக்கியா நீ? பழகின சட்டியோட உள்ளுக்கு ஆராச்சும் சுரண்டுவாங்களா? புதுச் சட்டில மண் வாசம் வரும். பழகினாத்தான் ருசி. இந்த அடுப்புதான் என்ட பெரிய சட்டி. அதுட கறுப்புலதான் என்ட கைராசியே ஈக்கு."

என் மீன் சட்டியை நானும்தான் சுரண்ட மாட்டேன்! உங்கள் வீட்டுச் சட்டியை நீங்கள் சுரண்டுவீர்களா? இதற்கிடையில் விருந்துக்கு வருகிறவர்கள் பேர் பதியத் தொடங்கிவிட்டார்கள். ஏரிக்கரைப் பக்கமாக யானைகள் வந்து சேர்ந்தன. நல்லதம்பி ஐயா ஒவ்வொரு இரவும் புடிங்கைத் தள்ளிவைத்தார். வேலை போகப்போகிற மனிதர் காக்கா. அதைக் காப்பாற்றுகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறவரும் அவரே. நான் இன்னொரு தடவை வாயைத் திறந்தேன். அகப்பை உயர்ந்தது: "என்ட அடுப்புல கை வெச்சா, பெரஹராக்கு முந்தி நானே போயிருவன்!"

வியாழக்கிழமைச் சாம்பிராணி

வியாழக்கிழமை அந்தி நேரத்தில் காக்கா குசினியில் சாம்பிராணி போடுவார். அன்றைக்கு நான் ராசாத்தியைத் தலைமுழுக வைத்துக்கொண்டு வந்தேன். "கொண்டா அவள, முடிய காய வெப்பம்" என்று அவரே கூப்பிட்டார். குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது அவர்கள் வீட்டிலும் வழக்கம், எங்கள் வீட்டிலும் வழக்கம். தணல் சட்டியை அணைந்திருந்த அடுப்பின் வாயருகே வைத்தார். நான் அவள் முடியைப் பிரித்துப் பிடித்தேன்.

வெள்ளைப் புகை எழுந்தது. நெளிந்து நெளிந்து அடுப்பின் வாய்க்குள் தலையை நீட்டியது. உள்ளே கொஞ்சம் நின்றது. பிறகு, வாசலில் யாரோ "ஆள் இல்லை, போ" என்று சொன்னது போல, அப்படியே திரும்பி வந்தது! தரையோடு உருண்டு வந்து பிள்ளையின் முகத்தில் ஏறியது. இருமி இருமி அவளுக்குக் கண் சிவந்துவிட்டது. காக்கா பதறிச் சட்டியை ஜன்னலோரம் வைத்தார். புகை ஓடி வெளியே போனது. மறுபடி அடுப்பருகே வைத்தார், திரும்பி வந்தது. காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது என்றுதானே நினைத்திருக்கிறோம்? நான் அன்றைக்குப் பார்த்தேன். போக வழியில்லாமல் அது திரும்பி நடந்து வருவதைப் பார்த்தேன்.

காக்கா ராசாத்தியை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அடுப்பை வெகுநேரம் பார்த்தார். சொந்தப் பிள்ளை பொய் சொன்னதைக் கண்டுபிடித்த தகப்பன் முகம் அது. கடைசியில் என்னைப் பாராமலே சொன்னார்: "நாளைக்கு நான் ஜும்ஆ தொழுகைக்குப் போக முந்தி உன்ட மாப்பிளைய கூரைல ஏறச் செல்லு, புள்ள."

சுவருக்குள் வானம்

என் வீட்டுக்காரர் கூரையில். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, அதைச் சுற்றித் தேங்காய் மட்டையை வரிந்து, மேலிருந்து இறக்கி இழுத்தார். நான் கீழே அடுப்பின் வாயைச் சாக்கால் மூடிப் பிடித்துக்கொண்டேன். முதலில் மாவாக வந்தது. பிறகு தோசை தோசையாக. பிறகு தார் போல மினுங்குகிற பாளங்கள், 'தொம்' 'தொம்' என்று. சாக்கு நிறைந்தது, இன்னொன்றும் நிறைந்தது. திடீரென்று என் காதுக்குள்ளேயே நின்று பேசுவது போல அவர் குரல்: "பாக்கியம், கேக்குதா?" திடுக்கிட்டுச் சாக்கை விலக்கித் தலையை உள்ளே விட்டு அண்ணாந்து பார்த்தேன்.

அந்தக் கறுப்புக்கு உச்சியில் ரூபாய்க் காசு அளவுக்கு நீலம். அதன் குறுக்கே ஒரு வெள்ளை மேகம் மெல்ல நகர்ந்து போகிறது. தினமும் தலைக்கு மேலே கிடக்கிற வானம்தான். ஆனால் ஒரு சுவருக்குள் அதைக் கண்டது அன்றைக்குத்தான்.

யூசுப் காக்கா ஜும்ஆவுக்கென்று வெள்ளைச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக வந்து நின்றார். "என்னத்த புள்ள பார்க்கிற?" என்றார். நான் விலகினேன். உடுத்திருந்த வெள்ளையை மறந்து, முழங்காலில் குந்தி அவரும் தலையை நுழைத்தார். கன நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது தொப்பி கறுப்பு, தாடியும் கறுப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளில் அப்படித்தான் இருந்திருப்பார். "சுப்ஹானல்லாஹ்! இத்தன காலமும் வானத்துக்குக் கீழயா நான் சமச்சிக்கொண்டிருந்தன்? ஆரும் செல்லல்லியே எனக்கு!"

பெரஹரா விருந்து

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். மறுநாள் அடுப்பைப் பற்றவைத்ததும் நெருப்பு புலி மாதிரி உறுமியது. சோறு அடிபிடித்தது. புடிங் கரிக்கட்டையாக வந்தது. காக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ருசியும் போச்சு, கைராசியும் போச்சு" என்று புலம்பினார். அந்த மனிதரின் வேலையை நானே பறித்துவிட்டேனா? என் வீட்டுக்காரர்தான் பாய்லரில் அவிந்த துரையை நினைவுபடுத்தினார். "காக்கா, அது இப்பதான் நல்லா மூச்சு விடுது. பழைய அளவுக்கு வெறகு போடாதீங்க, பாதி போதும்." அதற்குப் பிறகு பெரஹரா வரைக்கும் காக்கா புது மருமகளிடம் பழகுவது போல அந்த அடுப்போடு பழகினார். ஒரு விறகு வைப்பார், பார்ப்பார். ஒன்றை இழுப்பார், பார்ப்பார்.

விருந்து நாள். தெருவில் மேளம், அறை நிறைய ஆட்கள், தலைக்கு மேலே சுத்தமான விசிறி. கடைசியாகப் புடிங் போனது. பரிமாறுகிற கதவின் இடுக்கில் நானும் காக்காவும் கண்ணை வைத்து நின்றோம். ராசாத்தி அவர் தாடியைப் பிடித்து இழுத்தாள், அவருக்கு அது தெரியவில்லை. நல்லதம்பி ஐயா கரண்டியை மூக்குக்குக் கொண்டுபோனார். வைத்துவிட்டார். நோனாவின் முகம் வெளிறியது. ஐயா மறுபடி எடுத்தார், முகர்ந்தார், வாயில் வைத்தார், கண்ணை மூடினார். பிறகு பீங்கான் தட்டைத் துடைத்தெடுத்தாற்போல் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார்: "நோனா, கொழும்புக் கோக்கி எப்ப வந்தவர்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

அந்தப் பெரஹராவோடு எங்கள் விடுதியில் வேலை இழந்தது கரி ஒன்றுதான். அதுவும் தூரமாய்ப் போய்விடவில்லை, நோனாவின் ரோசாச் செடிகளுக்கு அடியில் உட்கார்ந்து இன்றைக்கும் ஒரு புகாரும் இல்லாமல் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறது.