கைக்குட்டை போட்ட இடம்

மாலை ஆறு நாற்பத்திரண்டு. ரயில் அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது.

நடந்ததை நம்பாதவர்கள் என் வலது கையைப் பார்க்கலாம். மூன்று விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை எனக்கு. இப்போது கல்லாவில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

அன்று மச்சினன் கூட இருந்தான். என் மனைவியின் ஒரே தம்பி. தாயில்லாமல் அவள் கையில் வளர்ந்தவன். அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "பத்திரமா கூட்டிட்டு வாங்க" என்று காலையில் வாசல்வரை வந்து சொன்னாள். மீசை வைத்த ஆளைப் பற்றி.

வழக்கமான பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ஓடிப் போய்க் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டோம். வெளியே மழை. இருட்டியிருந்தது.

உள்ளே எல்லா மாலையும் போலத்தான். ஒரு பெண்மணி மடியில் பை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் நின்றபடியே தூங்கினார். ஜன்னலோரம் மூன்று பேர் முழங்கால்கள்மேல் தோல்பெட்டியைக் கிடத்திச் சீட்டாடினார்கள். நாலாவது இடம் காலி. அதில் ஒரு கைக்குட்டை.

தினமும் போய்வருகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கைக்குட்டை போட்ட இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் வண்டி கிளம்பும்வரைதான். கிளம்பிவிட்டால் அது வெறும் துணி.

மச்சினன் அதற்குள் இதைக் கற்றிருந்தான்.

"சார், ஆள் வருதா?"

"வருவார்" என்றார் வழுக்கைத்தலைக்காரர்.

"வண்டி கிளம்பிடுச்சே. பறந்து வருவாரா?"

யாரும் சிரிக்கவில்லை. சீட்டு போட்டார்கள். நான்கு கைக்கு.

நாலாவது கையைக் காலி இடத்துக்கு முன்னால் வைத்தார்கள்.

மச்சினன் கைக்குட்டையை எடுத்துக் கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். துணி மடங்கவில்லை. காய்ந்த தோல் மாதிரி விறைத்து நின்றது. சீட்டை எடுத்து விசிறியாக விரித்தான்.

"மாமா, ராஜா ராணி எல்லாம் நம்ம வீட்லதான்!" என்று கண்ணடித்தான். பிறகு விரல்களைச் சட்டையில் துடைத்தான். "ஏன் சார் சீட்டெல்லாம் ஈரமா இருக்கு?"

மூவரும் முழங்கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"எந்திரிப்பா" என்றார் வழுக்கைத்தலைக்காரர்.

"அவர் வரட்டும் சார். மரியாதையா எந்திரிக்கிறேன்."

"வந்துட்டார்."

ஆறு ஐம்பது. என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

டங்...

மச்சினனின் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. வண்டி குலுங்கவில்லை. அவன் கழுத்துச் சட்டை முன்பக்கமாகச் சுருண்டு மேலே எழுந்தது. யாரோ கொத்தாகப் பிடித்தது போல. யாரும் இல்லை.

டங். டங்.

புருவம் பிளந்தது. ரத்தம் சீட்டுகள்மேல் தெறித்தது. மூன்று பேரும் தலை குனிந்துகொண்டார்கள். பட்டாணித் தோல் உரியும் சத்தம் கேட்டது... நிற்காமல்.

"யோவ், பிடிங்கய்யா!" என்று கத்தினேன்.

ஒருவரும் அசையவில்லை.

தலைமுடி செங்குத்தாக நிற்க, மச்சினன் இருக்கையிலிருந்து தரைக்கு வந்தான். மல்லாந்தபடி வாசலை நோக்கிப் போனான். குதிகால்கள் தரையில் கிறீச்சிட்டன.

பாய்ந்து இடுப்பு வாரைப் பிடித்தேன். அறுந்தது.

மணிக்கட்டைப் பிடித்தேன். இடதுகையால் வாசல் கம்பி. அவன் உடம்பு பாதி வெளியே. மழை. காற்று. பின்னால் ஓடும் கற்கள்.

"மாமா... விட்றாதீங்க மாமா..."

"விட மாட்டேன்டா."

விடவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சுண்டுவிரலில் வலி. சுரீர் என்று. எலும்புவரை.

அடுத்த விரல்.

கீழே பார்த்தேன். என் கை. அவன் கை. வேறொன்றும் இல்லை.

நடுவிரல்.

மடக்...

அவன் கை போய்விட்டது.

ஒரு கம்பம். ஒரு சத்தம். அதைச் சொல்ல மாட்டேன்.

யாரோ சங்கிலியை இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். கைக்குட்டை இருக்கைமேல் பழையபடி விரித்திருந்தது. வழுக்கைத்தலைக்காரர் ஒவ்வொரு சீட்டாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ரயில்வே போலீஸ் வந்தது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள்: வாசலில் நின்றது இரண்டு பேர், கையை விட்டது மாமாக்காரர்.

எழுதிக்கொண்ட ஏட்டு பேனாவை மூடினார். "போன வருஷமும் அதே பெட்டிதான். இடத்துக்கு அடிச்சுக்கிட்டு ஒருத்தரை வெளியே தள்ளிட்டானுங்க. கம்பத்துல மூஞ்சி மோதிச் செத்தார். அந்தச் சீட்டுக் கூட்டத்துல நாலாவது ஆள். நீங்க எதுக்குத் தள்ளினீங்க?"

கதவருகே என் மனைவி நின்றிருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என் விரல் காயங்களைக் கழுவிக்கொண்டே இருந்தார். திடீரென்று நிறுத்தினார். நடுவிரல் மூட்டுக்குள் இடுக்கியை விட்டு எதையோ பிடுங்கினார். கிண்ணத்தில் போட்டார். கிளிங்.

விளக்கைக் கிட்டே இழுத்து, வெகுநேரம் பார்த்தார்.

"பல்லு. வேர்வரைக்கும் காஞ்சுபோன பல்லு. உங்க மச்சினன் உடம்பையும் நான்தான் பார்த்தேன், அவர் பல் ஒண்ணுகூடப் போகல. இது யாரோடதுங்க?"