ஸ்டெப்னியும் செவ்வாய்க்கிழமைக் கனவும்

ஊரையே தூங்கவைக்கிற மெத்தைக் கம்பெனியில் சம்பளம் வாங்கினாலும் ஸ்டெப்னிக்கு வாய்த்தது என்னவோ கோழித் தூக்கம்தான். அதை அவர் குறையாக நினைத்ததில்லை. உத்தியோகத் தகுதி என்றே நினைத்தார். கம்பெனி அலுவலகத்தில் இருக்கும் நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்களில் எது எப்போது மண்டையைப் போடும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவருடைய வேலை. அப்படி இருப்பவனுக்கு ஆழ்ந்த தூக்கம் எங்கிருந்து வரும்?

ஸ்டெப்னி என்ற பெயரை வைத்தவர் மனைவியின் அண்ணன், பஸ் டிரைவர், மாடியில் குடியிருப்பவர். கல்யாணமான மறுநாள் அவர் சோபாவில் உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி அடியில் சிக்கி நொறுங்கியது. வீடே பதறியது. மாப்பிள்ளை பதறவில்லை. சட்டைப்பையிலிருந்து அதே நிறத்தில், அதே அச்சில், இன்னொரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "என்ன மாப்ளே, ஸ்டெப்னியோடதான் சுத்துறீங்களா?" என்றார் டிரைவர். அன்றைக்கு ஒட்டியது. குடை, பேனா, வாசல் சாவி என்று எதை வாங்கினாலும் ஒன்றுக்கு இரண்டாக, அதுவும் அச்சு அசலாக ஒரே மாதிரி வாங்குகிற மனிதரை விட்டுப் போக அந்தப் பெயருக்கு மனமே வரவில்லை.

மனைவி கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிப்பவள். பகல் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, "இப்ப தெளிவா இருக்கா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கேட்கப்பட்டவர்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ, கேட்டவளுக்கு விடியற்காலையில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பதினொரு வருடங்களாக அவள் கனவில் ஒரே வீடு வந்தது. தினமும் வராது; வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். இறங்கிப் போனால் மேல்மாடிக்குக் கொண்டுபோய்விடும் படிக்கட்டு. ஒரு மூலையில் மட்டும் மழை பெய்யும் அறை. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் நாற்காலி. நீண்ட நடையின் கடைசியில் ஒரு பச்சைக் கதவு. அது மட்டும் திறக்காது.

இதையெல்லாம் காலை ஆறு பத்துக்கு, முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் தட்டிவைப்பாள். பல் தேய்த்தால் பாதி போய்விடும், தேநீர் குடித்தால் மீதியும் போய்விடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. தட்டி முடித்த நிமிடமே மறந்தும் விடுவாள். அதற்குத்தானே தட்டுவது!

தொடங்கிய நாளிலேயே சொல்லிவிட்டாள்: "இத நீங்க படிக்கக் கூடாது."

"படிக்க மாட்டேன்."

படிக்கவும் இல்லை. பதினொரு வருடங்களில் ஒரு வரி இல்லை. ஆனால் அவளுக்கு வாயை அசைக்காமல் தட்டத் தெரியாது. முணுமுணுத்துக்கொண்டேதான் தட்டுவாள். முன்னறைக்கு அடுத்தாற்போல் வாஷ்பேசின். ஆறு பத்து, ஸ்டெப்னி முகம் மழிக்கும் நேரம். அவருடைய தாடிக்கு மூன்று நிமிடம் தாராளம்; அவர் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார், குழாயை மூடிவிட்டு. படிக்க மாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தார்? காதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளை தோற்றது போங்கள்.

சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அந்தக் கம்ப்யூட்டரை முழுசாகப் பேக்கப் எடுத்து, கேபிளில் சொருகும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடுவார். "சோதிச்சுப் பாக்காத பேக்கப், பேக்கப்பே இல்ல" என்று அலுவலகத்தில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உபதேசிப்பவர், வீட்டுப் பேக்கப்பை மட்டும் ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை. சோதிப்பதென்றால் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்த்தால் கண்ணில் பட்டுவிடும். ஆக, அவருடைய நாணயமே அவருடைய அஜாக்கிரதையாகவும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு பத்துக்கு முணுமுணுப்பு கேட்கவில்லை.

"ஏங்க, இங்க வாங்களேன்."

கறுப்புத் திரை. மேலே ஒரே ஒரு வெள்ளை வரி, தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்றது. ஸ்டெப்னி பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே டிஸ்க் சுற்றுகிற ஓசைக்குப் பதில், நகம் கடிப்பதுபோல் ஒரு டிக் டிக்.

"டிஸ்க் போயிடுச்சு."

"எல்லாம் வந்துடும்ல?"

"பேக்கப் இருக்கே. வந்துடும்."

அவள் நாற்காலியைவிட்டு எழவில்லை. "செவ்வாக்கெழம கதவு திறந்துச்சுங்க. அந்தப் பச்சக் கதவு. திறந்தது நல்லா ஞாபகம் இருக்கு. உள்ள என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல. தட்டியாச்சே, அப்புறம் நிதானமாப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். பதினோரு வருசமா அந்தக் கதவு முன்னாடி நிக்கிறேன், தெரியுமா?"

அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இன்னொன்றும் அவருக்குத் தெரியும்: கடைசிப் பேக்கப் போன சனிக்கிழமை எடுத்தது. செவ்வாய் அதற்கு மூன்று நாள் பிந்தியது. எந்த டிஸ்க்கைத் திருப்பிப் போட்டாலும் அந்தச் செவ்வாய் வரப்போவதில்லை. உலகத்தில் அது இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, பாதி நுரை பூசிய அவருடைய காதில்.

"பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பேக்கப்பைத் திருப்பிப் போடுவதற்கு முதலில் கம்ப்யூட்டர் எழுந்திருக்க வேண்டும். டிஸ்க் இல்லாமல் அதை எழுப்ப ஒரு ரிகவரி பென் டிரைவ் வேண்டும். அலுவலகத்துக்கு ஆறு செய்து, சிவப்பு வாரில் கோத்து, ஆறு மேஜைகளில் மாட்டியிருக்கிறார். ஆனால் அவை அலுவலகத்துப் பேக்கப் மென்பொருளுக்கானவை, வீட்டுப் பேக்கப்பைத் திறக்காது. வீட்டுக்கென்று ஒன்று செய்வதற்கான கோப்பை இறக்கி வைத்திருந்தார்தான். எங்கே? இதே கம்ப்யூட்டரில், திரையின் நட்ட நடுவில், 'அவசரத்துக்கு' என்று பெயர் போட்டு. நாளைக்கு ஒரு பென் டிரைவில் எழுதிவிடலாம் என்று நினைத்து இரண்டு வருடமாகிறது. அதையும் சனிக்கிழமை தவறாமல் பேக்கப் எடுத்திருக்கிறார். ஆகவே பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதன் மாற்றுச் சாவி மாற்றுப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

செய்தி மாடிக்கு ஏறியது. டிரைவர் லுங்கியோடு இறங்கி வந்தார்.

"என்ன மாப்ளே, ஸ்டெப்னியே பஞ்சரா?"

"மச்சான், காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க."

"அதான் வெளிய ஒரு டிஸ்க்குல எல்லாம் இருக்குன்னு சொல்றீங்களே. எடுத்துச் சொருகித் திறக்க வேண்டியதுதானே?"

"அது கட்டி வச்ச மூட்ட மாதிரி மச்சான். அவுக்கறதுக்கு ஆள் வேணும். ஆள் எந்திரிக்க மாட்டேங்குதே."

டிரைவர் தாடையைத் தடவினார். "புரிஞ்சுபோச்சு. வண்டி இருக்கு, டீசல் இருக்கு, செல்ஃப் எடுக்கல. எறங்கித் தள்ளறதுக்கு ஒருத்தன் வேணும். அவன்தான் அந்தப் பென் டிரைவ்."

ஸ்டெப்னி அசந்துபோனார். இருபது வருடமாக அலுவலகத்தில் படம் போட்டு விளக்கியும் யாருக்கும் ஏறாததை லுங்கி கட்டிய மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"அப்ப போய் ஆளக் கூட்டிட்டு வாங்க. தங்கச்சி மூஞ்சியப் பாக்க முடியல" என்று டிரைவர் மேலே ஏறினார்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில், மாதிரி மெத்தைகள் அடுக்கிய அறையில், ஒரு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலையைத் தொடங்கினார். கோப்பை மறுபடி இறக்கினார். வெறுமே பென் டிரைவில் நகலெடுத்துப் போட்டால் அது சும்மா கிடக்கும். கம்ப்யூட்டர் கண் விழிக்கும் முதல் நொடியில் படிக்கிற மாதிரி எழுத வேண்டும். அதற்கென்று இருக்கும் நிரலைத் திறந்ததும், 'இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா?' என்று கேட்டது. பென் டிரைவில் இருந்தவை போன வருடத்துத் தலையணை விளம்பரங்கள். சம்மதம் என்றார்.

பச்சைக்கோடு மெல்ல நகர்ந்தது. அறையில் பஞ்சு வாசம். வெளியே தையல் எந்திரங்களின் ஓசை, யாரோ தூரத்தில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் இருந்தது. தூங்கி எழுகிற எதற்கும் முதல் நொடியில் தான் யார் என்று தெரியாதோ என்று ஸ்டெப்னி நினைத்தார். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது. ஆறு மணிக்குக் கண் திறந்ததும் சுவரை ஒரு கணம் அந்நியர் வீட்டுச் சுவர்போல் பார்ப்பாள். பக்கத்தில் ஒருவர் இருந்து, 'நீ இன்னார், உன் சாமான்கள் இன்ன இடத்தில்' என்று சொன்னால்தான் மீதி நாள் நடக்கும். மெத்தை அவரைக் கொஞ்சம் உள்ளே இழுத்தது. அந்த மெத்தையை ஏன் எல்லோரும் வாங்குகிறார்கள் என்று முதல் தடவையாகப் புரிந்தது. மணி அடித்தபோது கோடு முடிந்திருந்தது.

அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்கும் ஆஸ்பத்திரி இல்லை. காலையிலிருந்த அதே நாற்காலியில் இருந்தாள்.

செத்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். புதிய டிஸ்க் கைவசம் இருந்ததா என்று கேட்பவர்கள் இவரை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. வெளி டிஸ்க்கையும் பென் டிரைவையும் சொருகி, பொத்தானை அழுத்தி, எதிலிருந்து எழுவது என்று கேட்கவைக்கும் மேல் வரிசை விசையைத் தட்டினார். பிந்திவிட்டது. கம்ப்யூட்டர் பழக்கதோஷத்தில் தன் டிஸ்க்கைத் தேடிப் போய்க் கறுத்து நின்றது. மறுபடி. மறுபடியும் பிந்தியது. மூன்றாவது தடவை அவள் விசையில் விரலை வைத்துக்கொண்டாள், அவர் பொத்தானை அழுத்தினார். எதிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று பட்டியல் வந்தது. பென் டிரைவைக் காட்டினார்கள். நீலத் திரை விரிந்தது.

"எந்திரிச்சிருச்சா?"

"கண்ணு முழிச்சிருக்கு. இன்னும் யார்னு தெரியல அதுக்கு."

அடுத்த திரையில் அவர் கை நின்றது. எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று கேட்டது. இரண்டு டிஸ்க்குகளைக் காட்டியது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே பெயர். ஒரே நாளில் ஜோடியாக வாங்கியவை. ஒன்று புதியது, வெறுமை. இன்னொன்றில் பதினொரு வருடம். தப்பான ஒன்றைத் தொட்டால் வெறுமையாகிற முறை அதற்கு வரும். ஒன்றுக்கு இரண்டாக வாங்குகிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய சங்கடம் இது. ஒன்றே ஒன்று வைத்திருக்கும் சோம்பேறிக்கு இந்தக் கஷ்டம் ஏது?

"ஏன் நிக்கிறீங்க?"

"எது எதுன்னு தெரியல."

"கண்ணாடிய மாத்திப் போட்டுப் பாக்கறீங்களா?" என்றாள், அந்த நிலையிலும்.

அந்தக் கேலிதான் வழியைக் காட்டியது. கண் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணை மூடிவிட்டு மற்றதைத்தானே சோதிப்பார்கள்! வெளி டிஸ்க்கின் கேபிளை உருவினார். பட்டியலில் ஒன்று மறைந்தது. மீதி நின்றதன் வரிசை எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களைக் கையில் எழுதிக்கொண்டார். கேபிளைத் திரும்பச் சொருகினார். அந்த நான்கு இலக்கங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்துவிட்டு, சம்மதம் என்றார்.

இன்னும் நான்கு மணி நேரம் என்றது. பிறகு பதினொரு நிமிடம் என்றது. பிறகு இரண்டு மணி நேரம் என்றது. நேரத்தைப் பற்றி அதற்கும் கனவுகளுக்கும் ஒரே கருத்து இருந்தது. ஜன்னல் வெயில் தரையில் மெதுவாக நகர்ந்து நாற்காலிக் காலில் ஏறியது. இருவரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த நேரத்தில் அறை அறையாக அந்த வீடு திரும்பக் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்: முதலில் படிக்கட்டு, பிறகு மூலையில் மழை, நாற்காலிக்கு ஒரு சின்ன ஆட்டம்.

நாலரை மணிக்குக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்தது. பழைய திரை வந்தது, நடுவில் 'அவசரத்துக்கு' கூசாமல் உட்கார்ந்திருந்தது. ஸ்டெப்னி எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நீயே திறந்து பாத்துக்கோ."

விசைகள் தட்டுப்படும் சத்தம். "இருக்கு. மொத நாள்லேருந்து இருக்கு." குரல் உடைந்து சிரித்தது. விசைகள் மறுபடி தட்டுப்பட்டன. "சனிக்கெழமையோட நிக்குது."

"ம்."

"உங்களுக்குக் காலைலயே தெரியும்."

"ம்."

"செவ்வாக்கெழம இல்ல. அப்படித்தானே?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். பேசாமல் இருந்தால் பதினொரு வருட நல்ல பெயர் அப்படியே இருக்கும், கதவு போய்விடும். பேசினால் கதவு கிடைக்கும், காலைகள் போய்விடும். இதற்கு இரண்டாவது பிரதி எதுவும் இல்லை.

"உள்ள நம்ம முன்னறைதான் இருந்துச்சு" என்றார், தெருவைப் பார்த்தபடி. "இதே அறை. ஜன்னல் மட்டும் இடது பக்கம். நான் இல்ல. மேஜ மேல என் கண்ணாடி இருந்துச்சு. ரெண்டும். ரெண்டுலயும் மூச்சு பட்ட மாதிரி ஆவி படிஞ்சிருந்துச்சு. அதனால நான் பக்கத்துலதான் எங்கேயோ இருக்கேன்னு நீ பயப்படாம உக்காந்துகிட்ட."

பின்னால் நாற்காலி திரும்பியது.

"படிச்சீங்களா?"

"படிக்கல. ஷேவ் பண்ணேன்."

அவள் வாஷ்பேசினைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கண்ணாலேயே அளந்தாள். அது அவள் தொழில்.

"பதினோரு வருசமா?"

"தாடி கொஞ்சம் அடர்த்தி" என்றார்.

"உங்க தாடி எவ்வளவு அடர்த்தின்னு எனக்குத் தெரியாதா? திருட்டுக் கழுத!" என்றாள். கோபமா என்று தீர்மானிக்க முடியாத குரல். திரும்பி உட்கார்ந்து, தேதி போட்டாள். செவ்வாய். தட்ட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஜன்னல் இடது பக்கம் இல்ல. வலது பக்கம்."

"இடது பக்கம்னுதான் சொன்ன."

"யாரு கனவு இது?"

"யாரு காது இது?"

கடைசியில் இரண்டு பக்கமும் ஜன்னல் போட்டாள். புதன், வியாழன் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றே அவர் பென் டிரைவ் ஒன்றை அலமாரியிலும் அதே மாதிரி இன்னொன்றை மாடியில் மச்சானிடமும் வைத்தார். "எறங்கித் தள்றவன் இனிமே என் வீட்லயா?" என்று டிரைவர் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு ஸ்டெப்னி வாஷ்பேசினுக்குப் போகவில்லை. படுக்கையறையிலேயே, யோக்கியமாக, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னறையில் நாற்காலி இழுபட்டது. விசை ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

"ஏங்க."

"என்ன?"

"தாடி வளந்து கெடக்கு. போய் எடுங்க."

அவர் போனார். நுரை பூசினார். குழாயை மூடலாமா கூடாதா என்று கை தயங்கியபோது, முணுமுணுப்பு தொடங்கியது. வழக்கத்தைவிடச் சற்று உரக்க, நிறுத்தி நிறுத்தி, எழுதிக்கொள்பவருக்குச் சொல்வதுபோல.