அண்ணனை விடாமல் பிடித்த நேரம்

அப்பா தொட்டிக்குள் கிடந்தார். அண்ணன் குதிக்கப் போனான். நான் அவனை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான காரியத்தை நான் செய்ததில்லை. அன்று கர்த்தர் எங்களுக்குச் செய்ததை உங்களைப் போன்ற வாலிபப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

என் பெயர் ஜெசி. சொந்த ஊர் திசையன்விளை பக்கம். இப்போது நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். அண்ணன் டேனியல் அங்கேயே டெய்லர். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அம்மா இல்லை, நான் சிறுமியாக இருந்தபோதே தவறிவிட்டார்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிஷின் ஓடாத நாள் என்பதால் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து நானும் அண்ணனும் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனோம். கேட்டைத் தாண்டும்போதே கூச்சல் கேட்டது.

முதலில் இறங்கியவர் பீகாரைச் சேர்ந்த விகாஸ். அப்பாவோடு வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, காரத்தில் கண்ணில் நீர் வழியச் சிரித்தவர். ஏணியிலிருந்து அப்படியே சரிந்து விழுந்தாராம். அவரைத் தூக்க அப்பா இறங்கினார். அவரும் எழவில்லை.

அண்ணன் செருப்பைக் கழற்றினான். சூப்பர்வைசர் பழனிசாமி ஓடிவந்து மறித்தார்.

"வேண்டாங்க தம்பி. உள்ள கேஸ் இருக்குதுங்க. எறங்குனா நீங்களும் போயிருவீங்க. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சுங்க."

"எங்கப்பா உள்ள கெடக்காவ. வழிய விடுங்க."

அப்போதுதான் அவனைப் பிடித்தேன். "அண்ணே, நீ எறங்காத."

"விடுட்டி. நீயெல்லாம் ஒரு மவளா?"

அந்த வார்த்தை இன்றும் எனக்குள் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். அப்பாவின் சட்டை தெரிந்தது. அசைவில்லை. விட்டால் அண்ணனும் போவான். விடாவிட்டால் அப்பா என்னால்தான் செத்தார் என்றாகிவிடும். நீளமாக ஜெபிக்க வரவில்லை. "ஆண்டவரே, என் கைக்குப் பெலன் தாரும். அப்பாவுக்கு மூச்சு தாரும்." அவ்வளவுதான் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அண்ணன் என்னைவிட இரண்டு மடங்கு இருப்பான். என் கையை நகத்தால் கீறினான். ஆனாலும் அவனால் உதற முடியவில்லை. அந்தப் பெலன் என்னுடையது அல்ல என்று எனக்குத் தெரியும்.

சூப்பர்வைசர் பழனிசாமி பட்டறைக்குள்ளிருந்து பெரிய ஃபேனை இழுத்துவந்து தொட்டியின் வாயில் வைத்து ஓடவிட்டார். தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடியும் சிலிண்டருமாக ஒருவர் இறங்கினார். கயிற்றில் அப்பா மேலே வந்தார். பிறகு விகாஸ்.

அப்பாவுக்கு மூச்சு இருந்தது. விகாஸுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் அப்பா நினைவில்லாமல் கிடந்தார். பிழைப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. அண்ணன் என்னோடு பேசவில்லை. சபையார் மாறிமாறி வந்து உபவாசமிருந்து ஜெபித்தார்கள். ஒரு காலையில் அப்பா கண் திறந்தார்.

"ஏட்டி, விகாஸ் எங்க?"

நான் அவர் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ விட்டிருந்தா நானும் போயிருப்பேன்ட்டி," என்று அழுதான்.

எல்லோரும் அற்புதம் என்றார்கள். ஆமாம், அற்புதம்தான். ஆனால் விகாஸின் மனைவியும் தன் ஊரில் அவருக்காக வேண்டியிருப்பாரே. ஏன் ஒருவர் மட்டும் பிழைக்க வேண்டும்? பாஸ்டரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியலம்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்டவரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. கேட்கிறேன் என்பதற்காக அவர் என்னைத் தள்ளிவிடவும் இல்லை.

அப்பாவுக்குக் குரல் கம்மிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் ஞாயிறு மாலைகளில் அண்ணனோடு பட்டறை பட்டறையாகப் போகிறார். முகமூடியில்லாமல் இறங்காதீர்கள், ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள் என்று தொழிலாளர்களிடம் சொல்கிறார். சிலர் கேட்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். எங்களுக்குத் திரும்பக் கிடைத்த அப்பாவை அப்படித்தான் ஆண்டவருக்குக் கொடுத்திருக்கிறோம்.

தம்பி, தங்கச்சி, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற நேரம் உங்களுக்கும் வரலாம். ஜெபம் நீளமாக வராது. வருகிற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். என்னைத் தாங்கினவர் உங்களையும் தாங்குவார். இன்று நீங்கள் முழங்காலில் நிற்கும்போது விகாஸின் மனைவிக்காகவும் ஜெபியுங்கள். அவர் பெயர் ரேகா.